மகனுக்கான சேவை பட்ஜெட்டை நாங்களே நடத்தலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 21 வயது, இங்கேயே பிறந்தவன். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவன். 18 வயதிலிருந்து வருமானம் குறைந்த குறைபாடுடையோருக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையும் மெடி-கால் என்ற அரசு மருத்துவக் காப்பீடும் கிடைக்கின்றன. 22 வயதானதும் பள்ளியின் சிறப்புக் கல்வி முடிந்துவிடும். வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்குச் சேவைகளை ஏற்பாடு செய்யும் ரீஜனல் சென்டரில் பதிவு இருந்தாலும், மாதத்துக்குச் சில மணி நேர ரெஸ்பைட் (பெற்றோர் ஓய்வெடுக்க மாற்று ஆள் கவனிப்பது) தவிர வேறெதையும் நாங்கள் கேட்டதில்லை. வேலையை விட்டுவிட்டு நானே அவனைக் கவனித்துக்கொள்கிறேன், அதற்கு, வீட்டிலேயே கவனிப்பவருக்குச் சம்பளம் தரும் ஐ.எச்.எஸ்.எஸ். என்ற அரசுத் திட்டத்திலிருந்து சம்பளம் வருகிறது. செல்ஃப் டிட்டர்மினேஷன் திட்டத்துக்கு மாறினால் அரசு ஒதுக்கும் பணத்தை நாங்களே நிர்வகித்து மிச்சம் பிடிக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாறலாமா? கோவையில் இருக்கும் என் மாமனார், பேரன் பெயரில் 40 லட்சம் ரூபாயை வங்கியில் டெபாசிட் செய்ய விரும்புகிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: மாறலாம், ஆனால் இன்றைய நிலையிலேயே மாறிவிட வேண்டாம். மாமனாரின் டெபாசிட்டை மட்டும் மகன் பெயரில் போடவே வேண்டாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்தத் திட்டத்தில் பணம் உங்கள் கைக்கோ மகனின் வங்கிக் கணக்குக்கோ வராது. உங்கள் மகனுக்கென ஓராண்டுக்கு ஒரு தனி பட்ஜெட் நிர்ணயிக்கப்படும். எந்தச் சேவையை, யாரிடம், என்ன விலைக்கு வாங்குவது என்பதை அவனும் நீங்களும் முடிவு செய்வீர்கள். பணத்தைப் பட்டுவாடா செய்வது எஃப்.எம்.எஸ். எனப்படும் நிதி மேலாண்மை நிறுவனம். ஆண்டு முடிவில் செலவாகாத தொகை அடுத்த ஆண்டுக்குச் சேராது. ஆகவே மிச்சம் பிடிப்பது என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. வழக்கமான முறையில் ரீஜனல் சென்டருடன் ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். இங்கே அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை என்பதே உண்மையான ஆதாயம். தமிழ் பேசும் உதவியாளர் ஒருவரை நீங்களே தேடிப் பிடித்து, உங்கள் மகனின் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொடுத்து அமர்த்தலாம். வாய்மொழி குறைவாக உள்ள ஒருவருக்கு இதன் மதிப்பைப் பணத்தால் அளக்க முடியாது.

இதற்கான சட்டம் 2013-இல் நிறைவேறியது. 2018-இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்து, 2021 ஜூலை முதல் ரீஜனல் சென்டர் சேவை பெறும் ஏறத்தாழ அனைவருக்கும் திட்டம் திறந்துவிடப்பட்டது.

நான் உங்களைக் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம், பட்ஜெட்டைக் கணக்கிடும் முறை. கடந்த 12 மாதங்களில் ரீஜனல் சென்டர் உங்கள் மகனுக்காக எவ்வளவு செலவழித்ததோ, அதுதான் அடித்தளத் தொகை. சில மணி நேர ரெஸ்பைட்டை மட்டுமே வாங்கிய குடும்பத்துக்கு அந்தத் தொகை மிகச் சிறியதாகவே இருக்கும். நம் குடும்பங்களில் அரசிடம் கேட்பதற்கே கூச்சப்படுபவர்கள் அதிகம். நம் பிள்ளையை நாமே பார்த்துக்கொள்வோம் என்று பல ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கிறோம். உங்கள் அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கலிஃபோர்னியாவின் 1969-ஆம் ஆண்டு லான்டர்மன் சட்டம் இந்தச் சேவைகளை உரிமையாகவே வைத்திருக்கிறது. கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

நல்லவேளையாக, சட்டம் இதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. சூழ்நிலை மாறியிருந்தாலோ, இதுவரை நிறைவேறாத தேவை இருந்தாலோ, ஐ.பி.பி. (மகனின் தேவைகளையும் சேவைகளையும் பதிவு செய்யும் தனிநபர் திட்டம்) குழு ஏற்றுக்கொண்டால் பட்ஜெட்டை உயர்த்தலாம். பள்ளி முடிவதைவிடப் பெரிய சூழ்நிலை மாற்றம் வேறென்ன இருக்கிறது? வாரத்தில் ஐந்து நாட்களும் பகல் பொழுதில் அவனுக்கு யார் துணை, தனியாகப் பேருந்தில் செல்லப் பயிற்சி வேண்டுமா, வேலைப் பயிற்சி வேண்டுமா, நீங்கள் நோயில் படுத்தால் மாற்று ஏற்பாடு என்ன என்பதையெல்லாம் இப்போதே ஐ.பி.பி. ஆவணத்தில் எழுத்தாக இடம்பெறச் செய்யுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன தேவைக்கு பட்ஜெட்டில் இடம் கிடைப்பது அரிது.

தொகை எப்படிக் கரையும் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு பேச்சுக்கு ஆண்டு பட்ஜெட் 48,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளருக்கு மணிக்கு 25 டாலர் தர நினைக்கிறீர்கள். முதலாளி தரப்பு வரிகள், தொழிலாளர் விபத்துக் காப்பீடு ஆகியவற்றுக்கு 15 சதவீதம் என்று கொண்டால், உண்மையான செலவு மணிக்கு 28.75 டாலர். வாரம் 25 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 1,300 மணி நேரத்துக்கு 37,375 டாலர் போய்விடும். மீதமுள்ள 10,625 டாலரில், அதாவது மாதம் சுமார் 885 டாலரில், நீச்சல் வகுப்பு, வேலைப் பயிற்சியாளர், போக்குவரத்து எல்லாம் அடங்க வேண்டும். வாடகையும் சாப்பாடும் இந்த பட்ஜெட்டில் சேராது. மெடி-கால், ஐ.எச்.எஸ்.எஸ். போன்ற வேறு அரசு வழிகளில் கிடைக்கக்கூடியதையும் இதிலிருந்து வாங்க முடியாது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு 10 சதவீதம் வரை ரீஜனல் சென்டரின் அனுமதியின்றியே மாற்றிக்கொள்ளலாம் என்பது சிறிய ஆறுதல்.

எஃப்.எம்.எஸ். நிறுவனத்துடன் மூன்று விதமாக ஏற்பாடு செய்யலாம்: பில்களை மட்டும் அது செலுத்துவது, உதவியாளருக்கு அதுவும் நீங்களும் இணை முதலாளியாக இருப்பது, நீங்களே முழு முதலாளியாக இருப்பது. ஆள் அமர்த்திப் பழக்கமில்லாத குடும்பத்துக்கு இணை முதலாளி முறையையே நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஆள் தேடுவதும் நேரப் பதிவைச் சரிபார்ப்பதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கும். திட்டத்திலிருந்து விலகினால் மீண்டும் சேர 12 மாதங்களாவது காத்திருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இனி டெபாசிட். எஸ்.எஸ்.ஐ. பெறும் ஒருவரின் பெயரில் கணக்கில் கொள்ளப்படும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு 1989 முதல் உயர்த்தப்படவேயில்லை. கோவையில் உள்ள வைப்புத்தொகையும் அந்தக் கணக்கில் வரும். உதவித்தொகை நிற்பதோடு, ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பிக் கேட்டும் கடிதம் வரலாம். வெளிநாட்டு வங்கி இருப்பு 10,000 டாலரைத் தாண்டினால் ஆண்டுதோறும் அமெரிக்க அரசுக்குத் தகவல் தர வேண்டிய கடமையும் சேரும். மாமனாரின் அன்பு வீண்போகாமல் இருக்க, நீங்கள் ஒரு ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்டை (அரசு உதவிகள் பாதிக்காமல் குறைபாடுள்ளவருக்காகப் பணத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை) உருவாக்கி, அவருடைய பணமும் பின்னாளில் உங்கள் ஆயுள் காப்பீட்டுத் தொகையும் அதற்கே சேரும்படி எழுதிவையுங்கள். மற்றவர்களின் பணத்தில் அமையும் டிரஸ்ட்டில், மகன் காலத்துக்குப் பிறகு மீதியை அரசுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. அவன் பெயருக்கு வந்துவிட்ட பணத்தைப் பிறகு டிரஸ்ட்டில் போட்டால் அந்தச் சலுகை கிடையாது. மாமனாரின் உயிலிலும் பேரனின் பெயர் நேரடியாக இருக்கக் கூடாது.

சிறு தொகைகளுக்கு, குறைபாடுள்ளவர்களுக்கான கலிஃபோர்னியாவின் சேமிப்புக் கணக்கான கால்ஏபிள் போதும். அதில் முதல் 1,00,000 டாலர் எஸ்.எஸ்.ஐ. கணக்கில் சேர்க்கப்படாது. சேவை பட்ஜெட் தொடாத வாடகையை இதிலிருந்து கொடுக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனுடன் ஒரே வீட்டில் வசித்துக்கொண்டு பெறும் ஐ.எச்.எஸ்.எஸ். சம்பளத்துக்கு 2014-ஆம் ஆண்டு வந்த வருமான வரித் துறை அறிவிப்பின்படி வரி இல்லை. ஆனால் பெற்றோராக நீங்கள் வாங்கும் அந்தச் சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கான கிரெடிட்டையும் சேர்ப்பதில்லை. வேலையில் இருந்த காலத்தில், ஓய்வூதியத்துக்குத் தேவையான 40 கிரெடிட் சேர்ந்துவிட்டதா என்று உடனே பாருங்கள். குறைபாடு 22 வயதுக்கு முன்பே இருந்ததற்கான மருத்துவ, பள்ளி ஆவணங்களையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கணவர் ஓய்வு பெறும்போது, அவருடைய கணக்கின் அடிப்படையில் மகனுக்கும் மாதத் தொகை கிடைக்க அவை தேவைப்படும்.

இந்த வாரமே ரீஜனல் சென்டரில் உங்கள் மகனுக்குப் பொறுப்பான சர்வீஸ் கோ-ஆர்டினேட்டருக்கு எழுதி ஐ.பி.பி. கூட்டம் கேளுங்கள், கேட்ட 30 நாட்களுக்குள் அவர்கள் கூட்ட வேண்டும். கூட்டத்தில் மகனும் உட்கார்ந்திருக்கட்டும். அவனுக்குப் பிடித்தது, பிடிக்காதது அனைத்தும் பதிவாகட்டும். கேட்டதை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அந்த அறிவிப்பு கிடைத்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஐ.பி.பி. திருத்தப்பட்டு, பட்ஜெட் தொகை எழுத்தில் கைக்கு வந்த பிறகு மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள்; பகல் நேரத் துணைக்கு அது போதுமென்றால் மாறுங்கள்.