பெயர் தெரியாத கல்லூரி, நம்பலாமா?

கேள்வி: உயர்தரம் எழுதிய மகள் அமெரிக்காவின் அம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க நிற்கிறாள். சொந்தக்காரர் யாரும் கேள்விப்படாத பெயர்கள். பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, நல்ல தெரிவு. இரண்டிலும் சுமார் 2,000 மாணவர்கள்தான். பட்டமேற்படிப்பு மாணவர்கள் அநேகமாக இல்லாததால் பேராசிரியரே பாடம் நடத்துவார், ஆய்விலும் இளநிலை மாணவருக்கே இடம் கிடைக்கும். வில்லியம்ஸில் 'டியூட்டோரியல்' என்றொரு முறை: ஒரு பேராசிரியர், இரண்டே மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க, மற்றவர் அதை அலசுவார். அடுத்த வாரம் மாறும். பின்வாங்கில் ஒளிய முடியாது. மேற்படிப்புக்குத் தேவையான பரிந்துரைக் கடிதமும் அங்கேதான் கனம் பெறுகிறது.

பணம்தான் முக்கியம். இவ்விரண்டும் வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் அனுமதித்து, தேவைப்படும் முழு உதவியையும் தருகின்றன. பெரும்பாலான சிறு கல்லூரிகள் அப்படியல்ல. அங்கே உதவி கேட்டால் போட்டி கூடும். அதற்காகக் கேட்காமல் விடாதீர்கள். பல இடங்களில் பிறகு கேட்கவே முடியாது.

பொறியியல் என்றால் கவனம். '3-2' திட்டத்தில் முதல் மூன்று வருடம் சிறு கல்லூரி, கடைசி இரண்டு வருடம் வேறு பல்கலைக்கழகம்; முதல் கல்லூரியின் உதவிப்பணம் பொதுவாக அங்கே தொடராது. சுவார்த்மோர் என்ற சிறு கல்லூரி தானே பொறியியல் பட்டம் தருகிறது, அதையும் பட்டியலில் சேருங்கள்.