எடை நின்றுவிட்டால் தோழிகளை விட்டு விலகலாமா?

கேள்வி: இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) உள்ள தோழிகள் நால்வரும் நானும் வாரந்தோறும் எடையைப் பகிர்ந்துகொள்கிறோம். எனக்கு மட்டும் குறையாமல் நின்றுவிட்டது, விலகிவிடலாமா?

பதில்: விலகாதீர்கள், சகோதரி. எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததாக 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 75 கிலோ உள்ளவருக்கு அது ஐந்து கிலோ சொச்சம்தான். நடக்கும்போது தசைகள் இரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்வதை எடைக்கருவி காட்டாது. ஆகவே எடையோடு இடுப்புச் சுற்றளவையும் (நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது), இரவில் சோற்றைக் குறைத்துச் சுண்டலும் பொரியலும் கூட்டியதையும் சொல்லுங்கள். தேங்கிய வாரத்தை மறைக்காமல் சொல்வதே மற்றவர்களுக்கும் துணிவு தரும் என்பது என் உறுதியான எண்ணம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரையின் அளவை மட்டும் தோழியைப் பார்த்து மாற்றாதீர்கள். அதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.