உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் பலர் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளவும் தசம எண்களை ஒப்பிடவும் திணறுகிறார்கள். கைக்கணினிகள் வாங்கி, ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் அளித்தோம். வகுப்பறையில் மாற்றம் தெரியவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரண்டு நாளும் செயலிகளை இயக்கக் கற்பதிலேயே கழிந்திருக்கும் என்று கருதுகிறேன். அடுத்த பயிற்சியை மாணவர் செய்யும் பிழையிலிருந்து தொடங்குங்கள்.

0.45, 0.5 ஆகியவற்றில் பெரியது எது என்று கேட்டால், 45 என்பது 5-ஐ விடப் பெரியதுதானே என்ற எண்ணத்தில் 0.45 என்று எழுதும் மாணவர்கள் உண்டு. இது கவனக்குறைவு அன்று. முழு எண்களுக்குக் கற்ற விதியை அவர்கள் தசமத்துக்கும் நீட்டுகிறார்கள். ஆசிரியர்கள் இத்தகைய விடைத்தாள்களைச் சேர்ந்து ஆராய்ந்து, பிழைக்குப் பின்னுள்ள எண்ணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதிய பிறகே கருவியைத் திறக்க வேண்டும். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் எண்கோட்டை 0-க்கும் 1-க்கும் இடையே பெரிதாக்கி, இரு எண்களும் எங்கே விழும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு மாணவரையே குறிக்கச் செய்யுங்கள். ஊகிக்க விடாமல் ஆசிரியரே திரையில் காட்டிவிட்டால் பயன் பெரும்பாலும் போய்விடும்.

வாசிப்பை மொழியாசிரியரின் பொறுப்பு என்று மற்றவர்கள் விட்டுவிடுவதே பெருந்தடை. "வெப்பநிலை உயர்ந்தாலன்றி இவ்வினை நிகழாது" என்ற வரியில் 'அன்றி'யைத் தவறவிட்டவர் பொருளைத் தலைகீழாகக் கொள்வார். அதைக் கண்டறியும் வாய்ப்பு அறிவியல் ஆசிரியருக்கே கிடைக்கிறது. இதற்குக் கைபேசியின் ஒலிப்பதிவே போதும். மாணவர் ஒரு நிமிடம் உரக்க வாசித்து, படித்ததைத் தம் சொற்களில் சொல்வதைப் பதிவு செய்தால், எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்பதை நான்கைந்து ஆசிரியர்கள் கூடிக் கேட்டு ஆராயலாம். (பெற்றோர் ஒப்புதலின்றிப் பதிவு செய்ய வேண்டாம்.)

இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் பதிலாக, ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு வாரம் பாடத்தைத் திட்டமிட்டு நடத்தும்போது சக ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும். மறுவாரம் ஆசிரியர்கள் மாணவரின் விடைகளை முன்வைத்துப் பேசட்டும். கால அட்டவணையில் அந்த வேளையை நீங்கள் விடுவித்துத் தராவிட்டால் இது நடக்காது. ஆறு வாரம் கழித்து 0.308, 0.31 ஆகியவற்றில் பெரியது எது என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் 0.308 என்ற விடையே மிகுதியாக வந்தால், புதிய செயலியைத் தேடுவதற்கு முன், எண்கோட்டுப் பாடத்தை நடத்திய முறையைக் குழுவாக மீண்டும் ஆராய வேண்டும்.