'ஃபேமஸ்லி' என்றால் 'புகழோடு' என்று அர்த்தமா?

"ஐன்ஸ்டைன் ஃபேமஸ்லி டிக்ளைன்ட் த பிரெசிடென்சி ஆஃப் இஸ்ரேல்" என்று ஒரு வாக்கியம் படித்த வாசகர் கேட்கிறார்: "புகழோடு மறுத்தார் என்றால் பொருந்தவில்லையே, இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?"

சரியான சந்தேகம். அவர் எப்படி மறுத்தார் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. 1952-ல் இஸ்ரேலின் அதிபர் பதவி தேடி வந்தும் ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. அது பலரும் அறிந்த சம்பவம். 'உங்களுக்கும் தெரிந்திருக்கும்' என்று எழுதுபவர் வாசகரைப் பார்த்துத் தலையசைப்பதுதான் 'ஃபேமஸ்லி'. தமிழில் 'எல்லோருக்கும் தெரிந்தபடி' என்று வைத்துப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். சொல்லை எடுத்துவிட்டாலும் செய்தி மாறாது.

அதனால்தான் "ஷி சிங்ஸ் ஃபேமஸ்லி" என்று எழுதினால் 'அவர் புகழ்பெற்ற பாடகி' என்ற பொருள் வராது. அதற்கு "ஷி இஸ் எ ஃபேமஸ் சிங்கர்" போதும்.

வழக்கமான இடம் முதன்மை வினைக்கு முன்னால். துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால்: "ஹேஸ் ஃபேமஸ்லி ரெஃபியூஸ்ட்". பெயரடைக்கு முன்னாலும் வரும். "ஃபேமஸ்லி ஷை" என்றால் கூச்சத்துக்குப் பேர்போனவர். பேர்போனது கெட்ட குணமாக இருந்தால் 'நொட்டோரியஸ்லி' பொருத்தம்: "நொட்டோரியஸ்லி அன்ரிலையபிள்" என்றால் நம்ப முடியாதவர் என்று பேர்போனவர். பட்டப்பெயர் சொல்லும்போது இரண்டுமே வேண்டாம், "பாப்புலர்லி நோன் ஆஸ்" என்பதே வழக்கு.

அப்புறம், "தே கெட் ஆன் ஃபேமஸ்லி" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். அங்கே புகழுக்கே இடமில்லை. இருவருக்கும் அருமையாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பழைய, பேச்சுவழக்குத் தொடர்.

கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். வாசகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லாத தகவலுக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள், 'இதுகூடத் தெரியாதா' என்று குத்துவதுபோல் ஆகிவிடும். ஒருவர் சொன்னதை மேற்கோள் காட்ட "ஃபேமஸ்லி செட்" (said) என்று எழுதும்போது இன்னும் கவனம் தேவை. "பி த சேஞ்ச் யூ விஷ் டு சீ இன் த வேர்ல்ட்" (உலகில் காண விரும்பும் மாற்றமாக நீங்களே இருங்கள்) என்று காந்தி சொன்னதாக உலகமே மேற்கோள் காட்டுகிறது. ஆனால் அவர் எழுத்துகளில் அந்த வாசகம் அப்படியே கிடைக்கவில்லை. நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தைத்தான் 1913-ல் எழுதினார். இப்படி மூலம் கிடைக்காத மேற்கோளுக்கு "இஸ் ஆஃபன் குவோட்டட் ஆஸ் சேயிங்" (இப்படிச் சொன்னதாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறார்) என்று எழுதுங்கள்.