இன்டர்வியூ முடிந்தது, பதிலைத்தான் காணோம்

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் மூன்று மெடிக்கல் காலேஜில் இன்டர்வியூ முடித்துவிட்டாள். ஒன்றில் வெயிட்லிஸ்ட். மற்ற இரண்டிலும் டிசம்பரிலிருந்து சத்தமே இல்லை, இப்போது பிப்ரவரி. சாப்பிடும்போதுகூட தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நானே அட்மிஷன் ஆபீஸில் விசாரிக்கட்டுமா? ஊரிலிருந்து என் அண்ணன் வேறு வாராவாரம் "என்ன ஆச்சு?" என்கிறார். குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறேன்.
- ஒரு அம்மா

பதில்: வேண்டுதல் இருக்கட்டும், அது உங்கள் டிபார்ட்மென்ட். அட்மிஷன் ஆபீஸுக்குப் போன் மட்டும் வேண்டாம். பிள்ளையின் விண்ணப்பம் பற்றி அம்மா அப்பாவிடம் பேசுவது அவர்கள் வழக்கமில்லை. டாக்டராகப் போகிற பெண்ணுக்காக அம்மா விசாரித்தால் பார்க்கவும் நன்றாக இருக்காது.

உங்கள் தவிப்பில் பாதி நம் ஊர்ப் பழக்கத்தால் வருவது. இங்கே நீட் மார்க் வந்து ரேங்க் லிஸ்ட் போட்டதும் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். போன வருட கட்-ஆஃபை வைத்து எதிர்வீட்டுக்காரரே காலேஜ் பெயர் சொல்லிவிடுவார். அங்கே அப்படி ஒரு லிஸ்ட் கண்ணில் படாது. அதனால் பதில் வராததையே ஒரு மார்க்காக எடுத்துக்கொள்கிறீர்கள்.

அக்டோபர் 15-க்குப் பிறகு சீட் தர ஆரம்பித்தாலும், பல கல்லூரிகளில் தேர்வுக் குழு கூடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தருவார்கள். முதலாண்டில் எத்தனை இடமோ அத்தனை பேருக்காவது மார்ச் 15-க்குள் அழைப்பு போயிருக்க வேண்டும் என்பது அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் வழிகாட்டல். அந்தத் தேதியே இன்னும் வரவில்லையே!

நிஜமான நகர்வு ஏப்ரலில்தான். நாலைந்து சீட் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் ஏப்ரல் 15-க்குள் மூன்றாகக் குறைக்க வேண்டும். 30-க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அவர்கள் விட்ட இடம்தான் வெயிட்லிஸ்ட்டுக்கு வருகிறது. மே மாதத்தில் அழைப்பு வருவது சகஜம். வகுப்பு தொடங்குகிற சமயத்தில் வந்து, அவசர அவசரமாகப் பெட்டி கட்டியவர்களும் உண்டு.

மகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் பிறகு புதிதாக என்ன நடந்தது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பலாம்: முடித்த பாடம், ஆராய்ச்சியில் நடந்த வேலை, கிளினிக்கில் இருந்த நேரம். புதிதாக எதுவும் இல்லையென்றால் எழுத வேண்டாம். கடிதம் அனுப்பாதீர்கள் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு, முதலில் போர்ட்டலில் பார்க்கட்டும். "இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்கிற வாக்கு மட்டும் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான். மூன்று இடத்துக்கும் அதையே எழுதினால் அது பொய்.

உங்கள் அண்ணனுக்கு "மே மாதம் நாங்களே சொல்கிறோம், அதுவரை கேட்காதீர்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் காதுக்கு அந்தக் கேள்வி போகக் கூடாது.

அப்புறம், அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடும். எம்கேட் (அங்குள்ள மருத்துவ நுழைவுத் தேர்வு) மார்க் அடுத்த வருடமும் செல்லுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அதை அவள் இப்போதே பார்த்து வைக்கட்டும். இந்தப் பேச்சை நீங்கள் ஆரம்பிக்காதீர்கள், "அப்போ கிடைக்காதுன்னே முடிவு பண்ணிட்டியா?" என்பாள். அவளே எடுத்தால் காது கொடுங்கள்.