கோல்ஃப் பழகிய கைக்கு எந்த டிஸ்க்?

கேள்வி: சென்னையில் இருந்தபோது ஐந்து வருடம் கோல்ஃப் ஆடினேன். வேலை மாறி இப்போது அமெரிக்காவில், வட கரோலினாவின் சார்லட் நகரத்தில் இருக்கிறேன். அலுவலக நண்பர்கள் சனிக்கிழமைதோறும் டிஸ்க் கோல்ஃபுக்கு, அதாவது பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டை வீசிச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் போடும் விளையாட்டுக்கு, கூப்பிடுகிறார்கள். பெரிய வீரர்கள் பலரும் வைத்திருக்கிறார்களே என்று இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் டிஸ்க் ஒன்று, 175 கிராம், வாங்கினேன். 150 அடி தாண்டுவதற்குள் இடது பக்கம் வளைந்து விழுந்துவிடுகிறது. கோல்ஃபில் என் பந்து வலது பக்கம்தான் ஸ்லைஸ் ஆகும். இது நேர் எதிராக இருக்கிறது. எந்த டிஸ்க் வாங்கலாம், எத்தனை வேண்டும், பழகிய கோல்ஃப் இங்கே கைகொடுக்குமா? நான் வலது கைக்காரன். வலது முழங்கையின் உள்பக்கம் முன்பு கொஞ்சம் வலி இருந்தது.

பதில்: உங்கள் வீச்சில் பெரிய கோளாறு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. டெஸ்ட்ராயரை மிதமான வேகத்தில் வீசினால் அது அப்படித்தான் போகும்.

டிஸ்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும். டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. வரிசையாக ஸ்பீட் (வேகம்), கிளைட் (காற்றில் மிதக்கும் தன்மை), டர்ன், ஃபேட் (இரண்டு பக்க வளைவுகள், கீழே சொல்கிறேன்). முதல் எண்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. 12 என்றால் அந்த டிஸ்க் தானாக அதிக வேகத்தில் பறக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அவ்வளவு வேகமாக வீசும் கையில்தான் அது தன் முழுத் தூரத்தைக் கொடுக்கும் என்பதே அதன் பொருள். சுமார் 350 அடி வீசத் தெரிந்த பிறகு தொட வேண்டிய டிஸ்க் என்று நான் சொல்வேன். கோல்ஃபில் இதற்கு ஒப்பு உண்டு: மெதுவாக ஸ்விங் செய்கிறவர் கையில் 8 டிகிரி லாஃப்டும் (கிளப் முகத்தின் சாய்வு) விறைப்பான ஷாஃப்டும் (தண்டு) உள்ள டிரைவரைக் கொடுத்தால் பந்து மேலே எழும்பாமல் போய் விழும். அவருக்கு 12 டிகிரியும் நெகிழும் ஷாஃப்டும் கொடுத்தால் அதே ஸ்விங்கில் கூடுதல் தூரம் கிடைக்கும். நீங்கள் வாங்கியது அந்த 8 டிகிரி டிரைவர்.

ஏன் இடது பக்கம்? வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், வீசும் டிஸ்க், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். அதைத் தூக்கும் காற்றின் விசை சரியாக மையத்தில் அமைவதில்லை. வேகம் குறையும்போது அந்த விசை மையத்துக்கு முன்னால் வந்து, டிஸ்கின் மூக்கை (முன் விளிம்பை) மேலே தூக்கப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருளை ஒரு பக்கம் தள்ளினால் அது அந்தப் பக்கம் சாயாது, குறுக்கே சாயும். பம்பரம் விழப் போகாமல் தலையைச் சுற்றி ஆட்டுவதும் இதனால்தான். அதனால் மூக்கு எழுவதற்குப் பதில் டிஸ்க் இடது பக்கம் சாய்ந்து இறங்குகிறது. இதுதான் ஃபேட். வீசிய வேகம் மிக அதிகமாக இருந்தால் விசை பின்னால் நகர்ந்து, முதலில் வலது பக்கம் சாயும். அது டர்ன். உங்கள் கையில் டெஸ்ட்ராயர் டர்ன் கட்டத்துக்கு வருவதே இல்லை. வீசிய உடனே ஃபேட்தான்.

சொல்லிலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது, அதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். கோல்ஃபில் வலது கைக்காரரின் ஃபேட் வலது பக்கம் வளையும். டிஸ்க் கோல்ஃபில் வலது கை பேக்ஹேண்டின் ஃபேட் இடது பக்கம் வளையும். நண்பர் "ஃபேட் ஆகும், பார்த்துப் போடு" என்றால் எந்தப் பக்கம் என்று முதல் சில வாரம் யோசித்துத்தான் வீச வேண்டியிருக்கும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கோல்ஃப் பையில் 14 கிளப் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அவற்றைத் தூரத்தின் படி அடுக்குகிறோம்: 9 அயர்ன் இவ்வளவு, 8 அயர்ன் அதைவிட ஒரு பத்து மீட்டர் கூட. இந்தப் பழக்கத்தோடு டிஸ்க் கடைக்குப் போனால் தவறான பையைத்தான் கட்டுவோம். புதிதாக வீசுகிறவர் கையில் ஸ்பீட் 5, 7, 9, 12 நான்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும். டிஸ்க் பை வளைவின் படி அடுக்கப்படுவது. எது நேராகப் போகும், எது வலது பக்கம் சாய்ந்து போகும், எது கட்டாயம் இடது பக்கம் முடியும் என்பதுதான் அங்கே வரிசை. கோல்ஃப் பந்தின் வளைவைக் கிளப் முகமும் ஸ்விங் பாதையும் முடிவு செய்கின்றன. இங்கே பாதி வளைவு டிஸ்கின் வார்ப்பிலேயே, அதாவது அதன் அச்சு வடிவத்திலேயே, இருக்கிறது. தூரத்தை உங்கள் கைதான் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஆகவே மூன்று வார்ப்புகள் போதும். கிட்டத் தூரத்துக்கான பட்டருக்கு இன்னோவா ஏவியர் (2, 3, 0, 1), ஒரே எடையில் இரண்டு. நடுத்தர தூரத்துக்கான மிட்ரேஞ்சுக்கு டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (5, 4, -1, 1). அதைவிடத் தூரத்துக்கான ஃபேர்வே டிரைவருக்கு இன்னோவா லெப்பர்ட் (6, 5, -2, 1). லெப்பர்டின் -2 உங்களுக்காகவே இருப்பது போல: உங்கள் வேகத்தில் அது வலது பக்கம் ஓடிவிடாது, கிட்டத்தட்ட நேராகப் போய்க் கடைசியில் மெல்ல இடது பக்கம் இறங்கும். எடை 165 முதல் 170 கிராமுக்குள் பாருங்கள். 175 தான் ஆண்பிள்ளை எடை என்று கடையில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். எடை குறைந்தால் அதே கை கொஞ்சம் கூடுதல் வேகம் கொடுக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும்தான் கனம் பயன்படும்.

பிளாஸ்டிக்கிலும் வித்தியாசம் உண்டு. இன்னோவாவின் டிஎக்ஸ் மலிவானது, பிடி நன்றாக இருக்கும், மரத்தில் மோதி மோதி விளிம்பு தேயும். தேயத் தேய வலது பக்கம் சாயத் தொடங்கும். சாம்பியன், ஸ்டார் வகைகள் விலை கூட, பல வருடம் வரும், அதே வார்ப்பில் இடது பக்கம் கொஞ்சம் அதிகம் இழுக்கும். பட்டரை டிஎக்ஸில் வாங்குங்கள், மற்ற இரண்டும் நல்ல பிளாஸ்டிக்கில். நான்கும் சேர்த்து ஒரு புது கோல்ஃப் டிரைவர் விலையில் சிறு பங்குகூட ஆகாது. டிஸ்கின் அடிப்பக்கத்தில் பெயரும் போன் எண்ணும் எழுதிவிடுங்கள். தொலைந்த டிஸ்க் கிடைத்தால் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கும் நல்ல பழக்கம் அங்கே பலரிடம் இருக்கிறது.

பட்டர் விஷயத்தில் கோல்ஃபரின் மனதை மாற்றுவது கடினம் என்று தெரியும். பட்டர் என்றால் புல்வெளியில் கடைசியாக எடுப்பது என்று பழகியிருக்கிறோம். 2021இல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். கடைசி ஹோலில் பால் மெக்பெத்தைவிட ஒரு வீச்சு பின்னால் இருந்த ஜேம்ஸ் கான்ராட், 247 அடி தூரத்திலிருந்து வீசிய டிஸ்க் நேராகக் கூடைக்குள் விழுந்தது. சமநிலையாகி, ப்ளேஆஃபில் அவரே பட்டம் வென்றார். அந்த வீச்சு பட்டரில் வீசியது. நீங்களும் முதல் ஒரு மாதம் 200 அடிக்குள் உள்ள எல்லா வீச்சையும் ஏவியரிலேயே வீசுங்கள். பட்டர் உங்கள் தவறை மறைக்காது. டிஸ்க் ஆடினால் உடனே கண்ணுக்குத் தெரியும். பள்ளியில் டென்னிகாய்ட் ஆடியிருந்தால் வளையம் தள்ளாடினால் தவறு என்று நடுவர் சொல்வது நினைவிருக்கும். அதே கண்ணோடு உங்கள் டிஸ்கைப் பாருங்கள்.

சரி, பழகிய கோல்ஃப் கைகொடுக்குமா? கொடுக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. வலது கை கோல்ஃபர் இடது தோளை இலக்கை நோக்கி வைத்து, உடலைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றி அடிக்கிறார். வலது கை பேக்ஹேண்ட் வீச்சில் வலது தோள்தான் இலக்கைப் பார்க்கும், சுழற்சியும் எதிர்ப்பக்கம். அதாவது பேக்ஹேண்ட் என்பது உங்களுக்கு இடது கை கோல்ஃப் ஸ்விங் மாதிரி. முதல் சில வாரம் உடல் திணறுவது இதனால்தான். உள்ளங்கை முன்னால் பார்க்க, உடலின் வலப் பக்கத்திலிருந்து வீசும் ஃபோர்ஹேண்டில் அந்தச் சிக்கல் இல்லை. டவுன்ஸ்விங்கில் வலது முழங்கையை இடுப்போடு ஒட்டிக் கொண்டுவருகிறீர்களே, ஃபோர்ஹேண்ட் வீச்சும் அதேதான். கையில் கிளப்புக்குப் பதில் டிஸ்க். நான் சொல்லிக்கொடுத்த வலது கை கோல்ஃபர்களில் பெரும்பாலானவர்கள் ஃபோர்ஹேண்டைத்தான் முதலில் பிடித்தார்கள்.

உங்களிடம் மட்டும் நான் அதைத் தாராளமாகச் சொல்ல முடியவில்லை, காரணம் அந்த முழங்கை. உள்பக்க வலியைத்தான் கோல்ஃபர் எல்போ என்கிறோம், ஃபோர்ஹேண்ட் சுமை ஏற்றுவதும் அதே இடத்தில்தான். ஒரு சுற்றில் ஐந்தாறு ஃபோர்ஹேண்டோடு நிறுத்துங்கள், முழு பலத்தில் வேண்டாம். வலி திரும்பினால் வீசுவதை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். பேக்ஹேண்டை அடிப்படையாக வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது.

பேக்ஹேண்டில் கோல்ஃபிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை: முதலில் பாதம், பிறகு இடுப்பு, தோள், கடைசியில் கை. கையால் இழுத்தால் தூரம் வராது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். விட வேண்டியது, பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்ற எண்ணம். டிஸ்கின் மூக்கு மேலே பார்த்து வெளியேறினால் எழும்பி, நின்று, இடது பக்கம் சரியும். உங்கள் 150 அடிக்கு டெஸ்ட்ராயர் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இதுவாக இருக்கலாம். டபராவில் காபி ஆற்றும்போது டம்ளரைச் சாய்க்க மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்குமே, அந்தக் கோணத்தில் மணிக்கட்டை வைத்து வீசிப் பாருங்கள். மூக்கு தானாகத் தாழும். ஓடிவந்து வீசுவது இப்போது வேண்டாம். நின்ற இடத்தில் வீசி லெப்பர்ட் 200 அடி நேராகப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்தால் வெளியேறும் நொடியில் டிஸ்கின் மேல்பக்கம் தெரிகிறதா, அடிப்பக்கம் தெரிகிறதா என்று பார்க்கலாம். மேல்பக்கம் தெரிந்தால் மூக்கு மேலே இருக்கிறது.

காற்றிலும் உங்கள் அனுபவம் பாதிதான் செல்லும். எதிர்க்காற்றில் கோல்ஃப் பந்து எழும்பி நிற்கும். டிஸ்க் வழக்கத்தைவிட வலது பக்கம் சாயும். எனவே இடது பக்கம் இழுக்கும் டிஸ்கைத் தாழ்வாக வீச வேண்டும். பின்காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும், டிஸ்கையோ கீழே அமுக்கும்.

பட்டிங்குக்கு வேண்டிய நிதானம் உங்களிடம் இருக்கிறது. தவறினால் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே யோசிக்கும் பழக்கம் இங்கே விலைமதிப்பானது, குறிப்பாகச் சரிவில் இருக்கும் கூடைகளில். அங்கே சங்கிலியில் படாத டிஸ்க் விளிம்பில் நின்று உருண்டு 50 அடி இறங்கிவிடும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் ஒரு விதியைக் கவனியுங்கள்: வீசிய பின் சமநிலையில் நின்ற பிறகே முன்னால் அடி வைக்கலாம். எல்லைக்கு வெளியே போனால் கோல்ஃபைப் போல ஒரு தண்டனை வீச்சு உண்டு. ஆனால் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டாம், டிஸ்க் கடைசியாக எல்லையைக் கடந்த இடத்தருகே இருந்து தொடரலாம்.

நீங்கள் இருக்கும் ஊர் இந்த விளையாட்டுக்கு அருமையான இடம். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவருடைய காப்புரிமைதான். அதிலிருந்து இன்றுவரை பூங்காக்களில்தான் இது வளர்ந்தது, பெரும்பாலான இடங்களில் கட்டணம் இல்லை. 2012 உலக சாம்பியன்ஷிப் சார்லட்டில்தான் நடந்தது; மெக்பெத்தின் முதல் உலகப் பட்டம் அது. பக்கத்தில் ராக் ஹில்லில், வின்த்ராப் பல்கலைக்கழக ஏரிக்கரையில், 1999 முதல் யூஎஸ்டிஜிசி (அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப்) நடக்கிறது, வழக்கமாக அக்டோபரில். ஒரு நாள் போய் நின்று பாருங்கள். மரங்களுக்கு நடுவே வீரர்கள் எத்தனை முறை டிரைவரை விட்டு மிட்ரேஞ்சை எடுக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

டெஸ்ட்ராயரை விற்க வேண்டாம். லெப்பர்டைச் சாய்க்காமல் சமமாக வீசி, அது வலது பக்கம் திரும்பத் தொடங்கி, 350 அடியை எட்டும் நாளில் வெளியே எடுங்கள். அதற்கு முன்னாலும் ஒரு வேலைக்கு அது உதவும்: 100 அடியில் வழி இடது பக்கம் மடங்கும் காட்டு ஹோல்கள் சார்லட்டில் நிறைய. அங்கே கட்டாயம் இடது பக்கம் திரும்பும் டிஸ்க் ஒன்று வேண்டும், உங்கள் பையில் ஏற்கெனவே இருக்கிறது.