சுருதி ஏறுவதற்கு உப்பைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கடலைப் பார்த்த வீடு. டாட் போர்டில் (துளைகள் உள்ள சாலிடர் போர்டு) அனலாக் மாடுலர் சிந்தசைசர் கட்டியிருக்கிறேன். வோல்டேஜுக்கு ஏற்ப சுருதி எழுப்பும் விசிஓ-வில் இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர். ஒன்றுக்கொன்று ஒரு விரல் தூரம், வெளியீட்டுப் பக்கம் உள்ளது, பவரை 12 வோல்ட்டில் நிறுத்தும் 7812 ரெகுலேட்டரை ஒட்டி. காலையில் சேர்த்த சுருதி மதியத்துக்குள் அரைக்கட்டைக்கு மேல் ஏறிவிடுகிறது. ஜாக்குகளிலும் கரகரப்பு. உப்புக்காற்றுதான் காரணமா? போர்டு முழுக்க வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: கரகரப்புக்கு உப்பு, சுருதிக்குச் சூடு. வார்னிஷ் கடைசி வேலை.

வெப்பம் 1 டிகிரி ஏறினால் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஒரு ஸ்தாயி ஏற அங்கே வேண்டியதே 18 மில்லிவோல்ட்தான். இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவே 1 டிகிரி வித்தியாசம் வந்தாலே அரைக்கட்டை தாண்டிவிடும். சூடாகும் உங்கள் ரெகுலேட்டர் அதைத்தான் செய்கிறது.

இருபது பிசி547 வாங்குங்கள். மல்டிமீட்டரை டயோடு அளவில் வைத்து, சிவப்பு முனை பேஸில், கறுப்பு முனை எமிட்டரில். 1 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகும் ஜோடியை எடுங்கள். கையால் தொடாமல் அளக்க வேண்டும். விரல் பட்டால் எண் கண்ணெதிரே இறங்குவதைப் பார்ப்பீர்கள். தட்டை முகங்களை தெர்மல் பேஸ்ட் வைத்துச் சேர்த்து, செப்புத் தகட்டால் சுற்றி, ரெகுலேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். முகத்தோடு முகம் வைத்தால் கால் வரிசை எதிரெதிராகத் திரும்பும். சாலிடருக்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

இதற்குப் பிறகும் நடு ஸ்தாயி நின்று, மேலும் கீழும் மட்டும் விலகினால் அது வேறு கோளாறு: டிகிரிக்கு ஸ்தாயி ஒன்றில் சுமார் 4 சென்ட் (அரைக்கட்டைக்கு 100 சென்ட்). உள்ளீட்டு வோல்டேஜ்களைக் கூட்டும் சம்மிங் ஆப்-ஆம்பின் ஃபீட்பேக்கில் +3300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டர் (வெப்பம் ஏறினால் மதிப்பும் ஏறுவது) 2கே போட்டு, ஜோடியோடு ஒட்டவையுங்கள். உள்ளீட்டில் 100கே மெட்டல் ஃபிலிம், அதோடு தொடராக 20கே பல சுற்று டிரிம்மர். அரை மணி நேரம் ஓடிய பிறகு 1 வோல்ட் கொடுத்து, சுருதிக் குமிழால் 110 ஹெர்ட்ஸுக்குச் சேருங்கள். 3 வோல்ட்டில் 440 வர வேண்டும். கூடினால் டிரிம்மரின் மதிப்பைக் கூட்டுங்கள். டிரிம்மரைத் திருப்பினால் 110-ம் நகரும், நாலைந்து சுற்று பொறுமை வேண்டும்.

இனி ஜாக். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சாலிடர் ஃபிளக்ஸைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. பலர் ஏமாறும் இடம் இது. பவரை நிறுத்தி, பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டு விட்டு, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள். பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாக உலரட்டும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் பக்கம் அதுவே உப்பு. பச்சை பிடித்த ஜாக்கை மாற்றிவிடுங்கள்.

போர்டையும் இப்படியே கழுவி உலர்த்திய பின்தான் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (எலக்ட்ரானிக் போர்டுக்கான மெல்லிய காப்புப் பூச்சு). மர வார்னிஷ் கூடாது. ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், டிரிம்மர் மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். கழுவாமல் அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு செம்பைத் தின்னும். வாசிக்காத நேரத்தில் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் நேராக வேண்டாம்.